வீட்டை விற்கப் போகிறீர்களா? முதலில் வீட்டுக்குள் பேசுங்கள்

(போடிநாயக்கனூரில் நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

தலைப்பைப் பார்த்துவிட்டு, "செயலாளர் தரகு வேலையில் இறங்கிவிட்டாரா?" என்று ஒரு நண்பர் வாசலிலேயே கேட்டார். காரணம் சொல்லிவிடுகிறேன். மருத்துவச் செலவுக்கும் மகள் கல்யாணத்துக்கும் கடனை அடைக்கவும் உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வருகிற குடும்பங்களில் பல, சொந்த வீடு உள்ள குடும்பங்கள். வீடு இருக்கிறது, விற்க முடியவில்லை. விற்றாலும் பாதி விலைக்குக் கேட்கிறார்கள். பல லட்ச ரூபாய் சொத்தை வைத்துக்கொண்டு பத்தாயிரம் ரூபாய்க்குக் கை நீட்ட வேண்டிய நிலை. இதைப் பேசாமல் ஸதக்காவை மட்டும் பங்கு வைத்துக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை என்றுதான் இன்று இந்தப் பேச்சு.

வீடு விற்பதென்றால் நம் ஆட்கள் முதலில் செய்வது வெள்ளையடிப்பது. அடுத்தது நாலு தரகரிடம் சொல்லி வைப்பது. நான் பார்த்த வரையில் விற்பனை தடைப்படுவதும் விலை இறங்குவதும் சுவரால் அல்ல. பத்திரத்தாலும், கூடப் பிறந்தவர்களாலும்தான்.

ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியே சொல்கிறேன், யூகிக்க வேண்டாம். அத்தா மௌத்தாகி எட்டு வருஷம். அம்மா இருக்கிறார்கள். இரண்டு மகன், மூன்று மகள். இளைய மகனுக்கு மதுரையில் சிகிச்சை, அவசரமாகப் பணம் வேண்டும். ஏலக்காய் வியாபாரி ஒருவர் வந்து பார்த்து 40 லட்சத்துக்கு ஒத்துக்கொண்டார். நல்ல விலை. முன்பணமும் கொடுத்தார். அவருடைய வக்கீல் காகிதங்களைக் கேட்டார். பட்டா இன்னும் அத்தாவின் அத்தா பெயரில் இருக்கிறது. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் பல வருஷங்களுக்கு முன் வாங்கிய கூட்டுறவு வங்கி அடமானம் நிற்கிறது. கடன் எப்போதோ அடைபட்டுவிட்டது, ஆனால் அடைந்ததற்கான ரசீதைப் பதிவு செய்யவில்லை. கடைசியாக, கம்பத்தில் கட்டிக் கொடுத்த மகளிடம் யாரும் விற்பதைப் பற்றிச் சொல்லவேயில்லை. "என்னைக் கேட்காமல் என் அத்தா வீட்டை விலை பேசினீர்களா?" என்று அந்தப் பிள்ளை கையெழுத்துப் போட மறுத்தது. பணத்துக்காக அல்ல, மரியாதைக்காக.

எல்லாவற்றையும் சரி செய்ய ஐந்து மாதம். அதற்குள் வியாபாரி வேறு வீடு வாங்கிவிட்டார். பிறகு வந்தவர் அவசரத்தைத் தெரிந்துகொண்டு 33 லட்சத்தில் முடித்தார். அதே வீடு, அதே சுவர். ஏழு லட்சம் போனது தாமதத்தால்.

ஆகவே முதல் வேலை வாரிசுகளை உட்கார வைப்பது. நம்முடைய ஃபராயிள் சட்டத்தில் பூர்வீகச் சொத்து, கூட்டுக் குடும்பச் சொத்து என்ற பேச்சே கிடையாது. ஒருவர் கண்ணை மூடிய அந்த நிமிஷமே, அடக்கச் செலவும் கடனும் வஸிய்யத்தும் போக மிச்சம் அத்தனையும் வாரிசுகளுக்குப் பங்கு பங்காகப் போய்விடுகிறது. மூத்த மகன் வீட்டில் இருக்கிறான், வரி கட்டுகிறான் என்பதால் வீடு அவனுடையதாகிவிடாது.

சொன்ன குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் இருப்பதால் மனைவிக்கு எட்டில் ஒன்று. மீதி எட்டில் ஏழு. மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்றால் இரண்டு மகனுக்கு நான்கு, மூன்று மகளுக்கு மூன்று, ஆக ஏழு. 40 லட்சம் என்றால் அம்மாவுக்கு 5 லட்சம், மகன்களுக்குத் தலா 10 லட்சம், மகள்களுக்குத் தலா 5 லட்சம். ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுவிடலாம். இந்தக் காகிதத்தை விலை பேசுவதற்கு முன்பே எழுதி எல்லோருக்கும் காட்டிவிட்டால் பாதிச் சண்டை வராது. விற்று முடித்துப் பணம் கைக்கு வந்தபின் பங்கு பேசினால்தான் மச்சான்மார் நடுவில் வருகிறார்கள்.

"கல்யாணத்தின்போதே நகை போட்டாச்சு, அவளுக்கு எதுக்குப் பங்கு?" என்ற பேச்சு நம் ஊரில் இன்னும் இருக்கிறது. கல்யாணத்துக்குப் போட்டது அன்பளிப்பு. அது வாரிசுப் பங்கைத் தின்றுவிடாது. "தோட்டத்தில் பெண்ணுக்குப் பங்கு கிடையாது" என்பதும் தவறு. 1937-ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விட்டுவைத்தது உண்மைதான். ஆனால் சென்னை மாகாணம் 1949-இலேயே திருத்தம் கொண்டுவந்து விவசாய நிலத்தையும் சேர்த்துவிட்டது. சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுக்கிறாள் என்றால் அது அவளுடைய உரிமை. அப்போதும் தன் பங்கு எத்தனை லட்சம் என்று தெரிந்த பிறகு விட்டுக்கொடுக்கட்டும்.

எல்லோரும் சேர்ந்தே விற்பதானால் தனியாக விடுதலைப் பத்திரம் எழுத வேண்டிய தேவையில்லை. கிரயப் பத்திரத்தில் எல்லா வாரிசும் கையெழுத்திட்டால் போதும். ஒருவர் பெயருக்குக் கொண்டுவந்து பிறகு விற்பது என்றால்தான் விடுதலைப் பத்திரம். குடும்பத்துக்குள் எழுதும் இத்தகைய பத்திரத்துக்குத் தீர்வை 1 சதவீதம். 2023 ஜூலையில் உச்சவரம்பை முத்திரைத் தீர்வைக்கு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய் என்று உயர்த்தினார்கள்.

இங்கே ஒரு விஷயத்தில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் இதில் சிக்கித் தவித்த தாய்மார்கள் உண்டு. கணவர் இறந்து, பிள்ளைகள் பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால், தாய் தானாகவே பிள்ளைகளின் பங்கை விற்க முடியாது. முஸ்லிம் சட்டத்தில் மைனரின் சொத்துக்குத் தகப்பனும், அவர் நியமித்தவரும், பாட்டனாரும்தான் பாதுகாவலர். தாய் வளர்க்கலாம், விற்க அதிகாரமில்லை. 1918-இல் இமாம்பந்தி வழக்கில் பிரிவி கவுன்சில் இதைத் தெளிவாகச் சொன்னது, இன்றும் அதுதான் நிலை. 1890-ஆம் ஆண்டு பாதுகாவலர் சட்டப்படி மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். இதற்கு மாதக்கணக்கில் ஆகும். விவரம் தெரிந்தவர் அனுமதியில்லாமல் வாங்க மாட்டார். விவரம் தெரியாதவரிடம் விற்றால், பிள்ளை பெரியவனாகி வழக்குப் போடுவான். விற்கும் எண்ணம் இருந்தால் இத்தா முடிந்ததுமே மனு வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

அடுத்து ஹிபா. "நன்னா உயிரோடு இருக்கும்போதே இந்த வீட்டை எனக்கு வாய்வார்த்தையாகக் கொடுத்துவிட்டார்" என்பார்கள். கொடுத்தேன் என்று சொல்லி, இவர் ஏற்றுக்கொண்டு, சுவாதீனமும் ஒப்படைத்திருந்தால் அது செல்லும். அதை எழுதி வைத்த காகிதம் பதிவாகாவிட்டாலும் ஹிபா செல்லும் என்று 2011-இல் உச்ச நீதிமன்றமே ஹஃபீஸா பீபி வழக்கில் சொல்லியிருக்கிறது. ஷரீஅத்தில் சரி, சட்டத்தில் சரி. ஆனால் வாங்க வருகிறவருக்கும் அவருக்குக் கடன் கொடுக்கும் வங்கிக்கும் அது கண்ணுக்குத் தெரியாது. ஹிபா செய்கிறவர்கள் உயிரோடு இருக்கும்போதே பதிவும் செய்து கொடுத்துவிடுங்கள்.

காகிதங்களுக்கு வருவோம். தாய்ப் பத்திரத்தின் அசல், அதன்பின் கைமாறிய ஒவ்வொரு பத்திரமும், பட்டா, வில்லங்கச் சான்று, நகராட்சிச் சொத்துவரி மற்றும் குடிநீர் வரி ரசீது, மின் இணைப்பு அட்டை, கட்டட வரைபட அனுமதி, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று. எல்லாம் ஒரே உறையில் இருக்க வேண்டும். வாரிசுச் சான்று தாசில்தார் அலுவலகம் தருவது, இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். வில்லங்கத்தைப் பதிவுத் துறையின் இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம். வாங்குகிறவர் பார்ப்பதற்கு முன் நீங்கள் பாருங்கள். பழைய அடமானம் நின்றால் வங்கியிடம் ரசீது வாங்கிப் பதிவு செய்யுங்கள். செக்குபந்தியையும் கயிறு பிடித்து அளந்து பாருங்கள். பத்திரத்தில் மூன்று சென்ட் இருக்கும், சந்துப் பக்கம் அண்டை வீட்டார் படிக்கட்டு ஓரடி உள்ளே வந்திருக்கும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. நம் தெருவில் ஓரடியும் பணம்தான்.

நம் ஊருக்கே உரிய இரண்டு சிக்கல் உண்டு. ஒன்று ஒத்தி. வீட்டை ஒத்திக்கு விட்டிருந்தால், அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுக்காமல் வீடு காலியாகாது. வரப்போகும் விலையில் கழித்துக்கொள்ளலாம் என்று வைக்காமல், விற்பனைக்கு முன்பே தேதி போட்டு ஒத்திக்காரரிடம் எழுத்தில் வாங்குங்கள். (கடன் கொடுத்துவிட்டு வாடகையில்லாமல் குடியிருப்பது வட்டிதானே என்ற கேள்விக்கு ஹஸ்ரத்திடம் பதில் கேளுங்கள். அது பெரிய பேச்சு.) இன்னொன்று வக்ஃப். வக்ஃப் நிலத்தின் சர்வே எண்ணைப் பதிவுத் துறை பதிவுக்கு நிறுத்தி வைத்திருக்கும். அதே சர்வே எண்ணில் பக்கத்தில் இருக்கும் தனியார் வீடும் சில நேரம் மாட்டிக்கொள்ளும். உங்களுடையது தனிச் சொத்து என்றால் வக்ஃப் வாரியத்தில் தடையில்லாச் சான்று வாங்கிவிடலாம், ஆனால் நாள் பிடிக்கும். உண்மையிலேயே வக்ஃப் இடத்தில் கட்டிய வீடு என்றால் விற்பதற்கே பேச்சில்லை.

மலைச் சரிவில் வீடு இருந்தால் இன்னும் கவனம். தமிழ்நாட்டுப் பக்கம் மலையிடப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ள கிராமமா, கட்டட அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பூப்பாறை, சாந்தன்பாறை, உடும்பன்சோலை பக்கம் தோட்டத்தோடு வீடு வைத்திருப்பவர்கள் இங்கே நிறையப் பேர். அங்கே நில வரி ரசீது, சுவாதீனச் சான்று, பட்டாவின் நிபந்தனை எல்லாம் வேறு. வாங்குபவருக்கு முத்திரைத் தீர்வை 8, பதிவு 2, ஆக 10 சதவீதம். ஏலமலைக் காட்டுப் பகுதியில் புதிய பட்டா கொடுப்பதை 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பட்டா இல்லாத இடத்தை "வந்துவிடும்" என்று சொல்லி விற்காதீர்கள். வராவிட்டால் வாங்கியவரின் குடும்பம் தெருவில் நிற்கும்.

இப்போது வெள்ளையடிப்புக்கு வருகிறேன். தென்மேற்குப் பருவத்தில் போடிமெட்டுப் பக்கமிருந்து சாரல், ஐப்பசி கார்த்திகையில் கனமழை. நம் ஊர் வீடுகளுக்கு முதல் எதிரி தண்ணீர். அடிச்சுவரில் ஓதம், தளத்தில் ஒழுகல், கக்கூஸ் சுவர் வழியாகப் பக்கத்து அறைக்குக் கசிவு. பணம் செலவழிப்பதாக இருந்தால் இதற்குச் செலவழியுங்கள். தட்டோடு பெயர்ந்த இடத்தைச் சரி செய்து, மாடித் தண்ணீர்க் குழாயைச் சுத்தம் பண்ணி, ஓதம் ஏறிய பூச்சைக் கொத்திவிட்டுப் பூசி, காய்ந்த பிறகு வெள்ளையடியுங்கள். சொட்டும் குழாய், எரியாத சுவிட்சு, மூடாத கதவு, இவை சின்னச் செலவு. பார்க்க வருகிறவர் மனதில் பெரிய கணக்காக ஏறும். புதிதாக டைல்ஸ் ஒட்டுவது, பால்ஸ் சீலிங் போடுவது எல்லாம் வேண்டாம். வாங்குகிறவர் அவர் விருப்பத்துக்கு இடித்துக் கட்டுவார், நீங்கள் போட்ட பணம் விலையில் திரும்பி வராது.

ஓதத்தின் மேல் பெயிண்ட் அடித்து மறைப்பது பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்ல என்ற கருத்தில் கடுமையாக எச்சரித்தார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் உள்ள ஹதீஸ் இது. ஏலக்காய் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மாதிரிக் காயைக் கையில் அள்ளியதும் ஈரம் தெரிந்துவிடும். பச்சை சாயம் போட்ட காய்க்கு ஏலத்தில் என்ன மரியாதை என்பதும் தெரியும். ஓதம் இருந்தால் சொல்லிவிடுங்கள். "இந்த மூலையில் மழைக்காலத்தில் ஓதம் ஏறும், சரி செய்ய இவ்வளவு ஆகும் என்று கொத்தனார் சொன்னார்" என்று கணக்கையும் காட்டுங்கள். வாங்குபவர் அந்தத் தொகையைத்தான் குறைப்பார். மறைத்து, அவர் தானாகக் கண்டுபிடித்தால் என்னென்ன மறைத்திருக்கிறார்களோ என்று நினைத்து அதைப்போல் மூன்று மடங்கு குறைப்பார். குறையில்லாத கூரை என்றால் தைரியமாக மழை நாளிலேயே வரச் சொல்லுங்கள்.

வீட்டைக் காட்டும் முன் காலி சாக்கு, உடைந்த கட்டில், பரணில் கிடக்கும் பழைய பாத்திரம் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். கிடங்காக வைத்திருந்த அறையை இரண்டு நாள் திறந்து வைத்துக் காற்றோட்டம் விடுங்கள். தரகர் நினைத்த நேரத்துக்கு ஆட்களைக் கூட்டிவர விடாதீர்கள். வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள். அஸருக்குப் பின் இத்தனை மணி என்று வையுங்கள். நாலு தரகரிடம் சொன்னால் வேகமாக விற்கும் என்பது தப்புக் கணக்கு. ஒரே வீட்டை நாலு பேர் நாலு விலைக்குச் சொல்வார்கள். ஆறு மாதம் ஊரெல்லாம் சுற்றிய வீட்டுக்கு "ஏதோ வில்லங்கம்" என்ற பெயர் வந்துவிடும். நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள், தரகு எவ்வளவு என்பதை முன்பே பேசுங்கள். போலியாக ஒரு ஆளை நிறுத்தி விலை ஏற்றச் சொல்லும் பழக்கம் இருக்கிறது, அதை நபியவர்கள் தடுத்திருக்கிறார்கள்.

முதலில் அண்டை வீட்டாரிடம் சொல்லுங்கள். ஹனஃபி மத்ஹபில் அண்டை வீட்டாருக்கு ஷுஃப்ஆ, அதாவது முன்னுரிமை உண்டு. 1870-லேயே சென்னை உயர் நீதிமன்றம் இந்த மாகாணத்தில் அதைச் சட்டமாக ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டதால் அவர் வழக்குப் போட முடியாது. ஆனால் கேட்பது நம் கடமை, லாபமும்கூட. பொதுச்சுவர் வீடுகளில் பக்கத்து வீட்டாருக்கு உங்கள் வீடு கிடைத்தால் இரண்டும் ஒன்றாகும், வெளியாளைவிட அவர் கூடக் கொடுப்பார். அவர் எந்த மதத்தவர் என்பது இதில் கணக்கே அல்ல. நபியவர்கள் எல்லோருடனும்தான் கொடுக்கல் வாங்கல் செய்தார்கள்.

விலை பற்றி. 2023 ஜூன் 15-இல் சென்னை ரயில் போடிக்கு வந்ததிலிருந்து எல்லோரும் சொந்த வீட்டுக்குத் தாங்களாகவே விலை ஏற்றிக்கொண்டார்கள். தெருவில் கடைசியாகக் கிரயமான இரண்டு மூன்று வீட்டின் உண்மை விலையை விசாரியுங்கள், அதுதான் அளவுகோல். வாங்குகிறவருக்கு முத்திரை 7, பதிவு 2, ஆக 9 சதவீதம் கூடுதல் செலவு. 40 லட்சத்துக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். அவர் பட்ஜெட்டில் அதுவும் சேர்ந்தது. காலமும் பாருங்கள். ஏலக்காய் எடுப்பு ஆடி ஆவணியில் தொடங்கித் தை வரை போகும். தோட்டக்காரர்கள் கையில் பணம் புழங்குவது அந்தக் கடைசி மாதங்களில். மாதச் சம்பளக்காரர்கள் பள்ளி விடுமுறையில் வீடு தேடுவார்கள்.

பத்திரத்தில் குறைத்து எழுதி மீதியை ரொக்கமாக வாங்குவதை நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். எழுதுவது பொய். வீட்டுப் பணத்தை 20,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் அதே அளவு அபராதம் விதிக்கவும் வருமான வரிச் சட்டத்தில் இடமுண்டு. வரிக்குப் பயந்துதான் செய்கிறார்கள். வாரிசு வீட்டில் வரி ஒவ்வொருவர் பங்குக்கும் தனித்தனி. 2001-க்கு முன் வாங்கிய வீடு என்றால் 2001 ஏப்ரல் 1 மதிப்பை அடக்கமாக எடுத்துக்கொள்ளலாம். வந்த லாபத்தில் இரண்டு வருஷத்துக்குள் வேறு வீடு வாங்கினாலோ மூன்று வருஷத்துக்குள் கட்டினாலோ விலக்கு உண்டு. ஐந்து லட்சம் பங்கு வாங்கும் வேறு வருமானமில்லாத சகோதரிக்குப் பெரும்பாலும் வரியே வராது. ஒரு கணக்கரிடம் கேட்டுவிட்டுப் பயப்படுங்கள். வீட்டை விற்ற பணத்தை இன்னொரு வீட்டிலோ நிலத்திலோ போடாவிட்டால் பரக்கத் இருக்காது என்ற பொருளில் இப்னு மாஜாவில் ஹதீஸ் வந்திருப்பதையும் நினைவில் வையுங்கள்.

முன்பணம் வாங்கும்போது கிரய ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யுங்கள். 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் அது கட்டாயம். வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணத்தை அப்படியே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். பெரும்பான்மை இமாம்கள் கூடாது என்கிறார்கள், ஹன்பலி மத்ஹபில் அனுமதி உண்டு. உங்களுக்கு உண்மையில் ஆன செலவை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்புவதே என் யோசனை. துபாயிலோ ரியாத்திலோ இருக்கும் மகன் கையெழுத்துப் போட வேண்டுமென்றால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற பவர் பத்திரம் அனுப்பச் சொல்லுங்கள். இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். வெளிநாட்டில் குடியிருப்பவர் பங்கில் வாங்குபவர் பிடிக்க வேண்டிய வரி விகிதமும் வேறு, அதை ஒப்பந்தத்துக்கு முன்பே பேசிவிடுங்கள்.

அடுத்த மாதம் முதல் வாரம் சனிக்கிழமை அஸருக்குப் பின் நம் அலுவலகத்தில் ஒரு வழக்கறிஞரும் ஓய்வு பெற்ற நில அளவையர் ஒருவரும் இருப்பார்கள். கட்டணம் இல்லை. விற்கும் எண்ணம் இல்லாதவர்களும் அத்தா காலத்துப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு வரலாம். நகல் மட்டும் கொண்டுவாருங்கள், அசலை வீட்டிலேயே பத்திரமாக வையுங்கள். மகள்களையும் அழைத்து வாருங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம்.